பாடி அண்ணனுக்கு, எஞ்சின் தம்பிக்கு

"எத்தனை தடவை பட்டி போட்டாலும் வெடிச்சுப் போகுதுங்க, டாக்டரம்மா."

சென்னியப்பன் இதைச் சொன்ன இடம் ஒரு பல் ஆஸ்பத்திரி.

அவருக்குப் பல்லில் கோளாறு இல்லை. அறுபத்து மூன்று வயதிலும் கரும்பு கடிப்பார். அவர் மடியில் இருந்தது ஒரு காரின் மட்கார்டு.

பழைய மாரிஸ் மைனர். இடது முன்சக்கரத்துக்கு மேலே வரும் தகரம். துண்டில் சுற்றி, ஸ்கூட்டரில் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் கன்னம் வீங்கிய ஒருவர் இருந்தார். அவர் மட்கார்டைப் பார்த்தார். சென்னியப்பனைப் பார்த்தார். வாயைத் திறக்க முடியவில்லை. அதனால் ஒன்றும் கேட்கவில்லை.

சீட்டுக் கொடுக்கும் ராஜாத்திக்கு வாய் நன்றாக இருந்தது.

"பேஷண்ட் பேரு என்னன்னு போடட்டுங்க? மட்கார்டா?"

"உன்ற இஷ்டம்."

"வயசு?"

"என்னைவிடப் பெரிசு. போடு."

டாக்டர் சூசன்னா பகலில் பல் பார்ப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் பழைய கார்களுக்கு உடம்பு பார்ப்பார். எஞ்சினைத் தொட மாட்டார். தகரம் மட்டும்.

அவர் கைபட்ட வண்டி தெருவில் போனால் மற்றவர்கள் பெயிண்டைப் பார்ப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் பெயிண்டில் தெரியும் தெருவிளக்கைப் பார்ப்பார்கள். விளக்குக் கம்பம் நெளியாமல் நேராகத் தெரியும்.

எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்டால், "வாயைத் திறங்க" என்பார். திறந்த வாயோடு எவனும் மறு கேள்வி கேட்க முடியாது.

சென்னியப்பனைவிடப் பதினைந்து வயது இளையவர். அதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலையில்லை.

டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரு காந்தத்தை எடுத்தார். மட்கார்டின் மேல் முனையில் வைத்தார்.

ஒட்டியது.

கீழ் முனையில் வைத்தார். ஒட்டியது.

நடுவில் வைத்தார். காந்தம் தரையில் விழுந்து உருண்டது.

"அடியில தகரம் இருக்குதா?"

"இருக்குதுங்க. பட்டிக்கு அடியில."

"எவ்வளவு அடியில?"

சென்னியப்பன் காந்தத்தைப் பொறுக்கிக் கொடுத்தார். பள்ளத்தில் பசையை அப்பி, காய்ந்ததும் தேய்த்து மட்டமாக்குவதுதான் பட்டி. வெடிக்க வெடிக்க அவர் மேலே மேலே அப்பியிருந்தார்.

"சொத்தைப் பல்லைச் சுத்தம் பண்ணாம மேலால அடைச்சா என்ன ஆகும்?"

"உள்ளுக்குள்ள அரிக்குமுங்க."

"தெரியுதுல்ல?"

"இது பல்லு இல்லீங்களே."

"அதனாலதான் கத்தலை. எடுங்க. அத்தனையும் எடுங்க. வெறும் தகரம் தெரியணும்."

"அப்புறமுங்க?"

டாக்டர் கதவுப் பக்கம் பார்த்தார்.

"அடுத்தது யாரு?"

கன்னம் வீங்கியவர் எழுந்தார்.

*

இந்தக் காரின் கதையைச் சொல்லியாக வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

சென்னியப்பனுக்கு ஒரு தம்பி. பெயர் நாச்சிமுத்து. அப்பா போனதும் பாகம் பிரித்தார்கள். விற்றுப் பிரிக்க இரண்டு பேருக்கும் மனமில்லை. விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. ஒருவருக்குக் கூடவும் மற்றவருக்குக் குறையவும் கூடாது.

கட்டில் அண்ணனுக்கு. மெத்தை தம்பிக்கு.

ஆட்டுக்கல் அண்ணனுக்கு. குழவி தம்பிக்கு.

அப்பாவின் கார் வந்தது. பிரித்து வைக்க வந்த பெரிய மனிதர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி வைக்கவில்லை.

பாடி அண்ணனுக்கு. எஞ்சின் தம்பிக்கு.

எஞ்சினைக் கழற்றித் தூக்க இரண்டு பேரும் வேண்டியிருந்தது. கார் கொட்டகை விட்டத்தில் கப்பியைக் கட்டினார்கள். கப்பியில் சங்கிலியைப் போட்டார்கள். எஞ்சின் அந்தரத்தில் தொங்கியது.

"இழு" என்றார் அண்ணன்.

"விடுங்க" என்றார் தம்பி.

எஞ்சின் ஒரு பக்கமாக ஆடிப்போய் இடது மட்கார்டில் இடித்தது.

"உன்னால."

"உங்களால."

அதோடு சரி. கப்பி அண்ணனுக்கு. சங்கிலி தம்பிக்கு.

குழவி மட்டும் அந்த வாரமே ஆட்டுக்கல்லுக்கு வந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் இட்லி வந்தது. எப்படி வந்தது என்று ஆண்கள் கேட்கவில்லை.

அன்று முதல் எஞ்சின் இல்லாத கார் சென்னியப்பன் வீட்டில். கார் இல்லாத எஞ்சின் அடுத்த தெருவில்.

சமாதானம் பேசச் சொந்தக்காரர்கள் எத்தனையோ முறை இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். சென்னியப்பன் தொண்டையைச் செருமுவார்.

"அன்னைக்குக் கொட்டகையில..."

அவர் எப்போதும் அந்த நாளில்தான் ஆரம்பிப்பார். தம்பி எப்போதும் அங்கேயே எழுந்துவிடுவார். ஒவ்வொரு சமாதானத்துக்குப் பிறகும் சண்டை கொஞ்சம் பெரிதானது.

மோட்டார் பம்பு கடையை மருமகனிடம் விட்டபிறகு சென்னியப்பனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. காரின் பாடியைச் சரிசெய்ய இறங்கினார்.

"எஞ்சின் இல்லாத வண்டிக்கு எதுக்குங்க அலங்காரம்?" என்றாள் மனைவி தெய்வாத்தாள்.

"அவன் பார்க்கணும். பார்த்து வயிறு எரியணும்."

"எரிஞ்சு?"

அதற்கு மேல் அவர் யோசித்து வைத்திருக்கவில்லை.

*

பட்டியை உளியால் பெயர்த்தார். உப்புத்தாளால் தேய்த்தார். கொட்டகை முழுக்கத் தூள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்தவரைப் பார்த்துப் பால்காரர் ஓடப் பார்த்தார்.

கடைசியில் வெறும் தகரம் வந்தது. கூடவே கீழ் ஓரத்தில் துரு தின்ற ஒரு ஓட்டையும் வந்தது. நடுவில் தேங்காய் மூடி கவிழ்த்து அமுக்கியது போல அந்தப் பள்ளம்.

மட்கார்டைத் துண்டில் சுற்றினார். ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"வாங்க" என்றாள் ராஜாத்தி. "பேஷண்ட் இளைச்சுட்டாருங்களே."

டாக்டர் ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"நல்லது."

"ஓட்டைங்க!"

"இப்பத் தெரியுதில்ல, எங்க இருக்குதுன்னு. வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகரம் வெச்சு வெல்டு பண்ணுங்க. மத்த இடமெல்லாம் மட்டமா இருக்குதா?"

சென்னியப்பன் ஜன்னல் பக்கம் திருப்பிச் சாய்த்துப் பார்த்தார்.

"பள்ளத்தைத் தவிர மத்ததெல்லாம் மட்டமுங்க."

"கண்ணை மூடுங்க. கையால பாருங்க."

மூடினார். தடவினார்.

"மட்டம்தானுங்க."

"வேட்டி முனையைத் தகரத்து மேல போட்டுட்டு, அதுக்கு மேல தடவுங்க."

போட்டார். துணி தகரத்தின் மேல் வழுக்கியது. உள்ளங்கை துணியோடு போனது.

சென்னியப்பனின் புருவம் ஏறியது. ஒரு மேடு. அதற்குப் பின்னால் ஒரு தாழ்வு. மறுபடி ஒரு மேடு. பள்ளத்தைச் சுற்றித் தகரம் குளத்து நீர் போல அலையடித்துக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தார். ஒன்றும் தெரியவில்லை. மூடினார். அலை வந்தது.

"இத்தனை நாள் இது எங்கீங்க இருந்துச்சு?"

"பல்லுல ஒரு முனை உடைஞ்சா கண்ணாடியில தெரியாது. யாருக்குத் தெரியும்?"

"நாக்குக்குங்க."

"கையை அப்படிப் பழக்குங்க. பழக்கிட்டு அப்புறம் சுத்தியலைத் தொடுங்க. அடுத்தது யாரு?"

சென்னியப்பன் பழக்கினார். கதவைத் தடவினார். பீரோவைத் தடவினார். சமையலறைக்குப் போய்ப் பித்தளைக் குண்டாவின் அடியைத் தடவினார்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் தெய்வாத்தாள்.

"இதுல அடியில ஒரு மேடு இருக்குது."

"கல்யாணமாகி வந்த நாளா இருக்குது. அடுப்புல வெச்சா ஆடும். எத்தனையோ தடவை சொல்லிட்டேன்."

"என்கிட்டயா?"

அவள் குண்டாவை வாங்கிக்கொண்டாள்.

*

அந்த நாட்களில் ஒன்று நடந்தது. சின்ன விஷயம். சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

இரண்டு தெருவும் சேரும் மூலையில் ஒரு பேக்கரி உண்டு. காலையில் அண்ணன் வருவார். தம்பியும் வருவார். அண்ணன் நிற்பது பன் அடுக்கிய கண்ணாடிப் பக்கம். தம்பி நிற்பது தண்ணீர்த் தொட்டிப் பக்கம். பார்த்துக்கொள்ள மாட்டார்கள். இருவருக்கும் நடுவில் டீ மாஸ்டர். அவருக்கு எல்லாம் தெரியும். ஒன்றும் தெரியாதது போல டீ ஆற்றுவார்.

அந்த வாரம்தான் சென்னியப்பனுக்கு ரத்தத்தில் சர்க்கரை என்று சொல்லியிருந்தார்கள். வெளியே யாருக்கும் தெரியாது. அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

மாஸ்டர் டீயில் சர்க்கரையைப் போடப் போனார்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மாஸ்டர். அண்ணாவுக்குச் சர்க்கரை இல்லாம."

மாஸ்டரின் கரண்டி நின்றது.

சென்னியப்பன் நிறைந்த கிளாஸை வாங்கினார். கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். வாய் வைக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. போய்விட்டார்.

அதன் பிறகு அவர் பேக்கரிக்கு வரவில்லை. வீட்டில் குடித்தார்.

அவ்வளவுதான். இதைச் சண்டை என்று அவரே சொல்ல மாட்டார். கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

*

"அடிக்க அடிக்க மோசமாகுதுங்க, டாக்டரம்மா."

இந்த முறை துண்டுகூடச் சுற்றவில்லை. மட்கார்டை மேசை மேல் போட்டார். துரு ஓட்டை அடைபட்டிருந்தது. நன்றாகவே அடைத்திருந்தார். பள்ளம் அப்படியே இருந்தது. அதன் நடுவில் சுத்தியல் தழும்புகள் மண்டிக் கிடந்தன.

டாக்டர் கட்டைவிரலால் நடுவை அழுத்தினார்.

டொப்.

விட்டார்.

டொப்.

"எண்ணெய் டின் மாதிரி அடிச்சுக்குது" என்றார் டாக்டர். "அடிச்சு அடிச்சுத் தகரத்தை நீட்டிட்டீங்க. தளர்ந்து போச்சு."

"எங்க ஆழமோ அங்கதானுங்களே அடிக்கணும்?"

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. கண்ணுக்குத் தெரியுதே."

"எப்படி நசுங்குச்சு இது?"

சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"அன்னைக்குக் கொட்டகையில என்ற தம்பி என்ன பண்ணினான்னா..."

"தம்பி வேண்டாம். தகரம் என்ன பண்ணுச்சு?"

"நசுங்குச்சு."

"முதல்ல எந்த இடம்?"

"நடுவு. எஞ்சின் அங்கதான் இடிச்சுது."

"அப்புறம்?"

"நடுவு உள்ள போகப் போக... சுத்தியிருக்கறதையும் இழுத்துட்டுப் போயிருக்குமுங்க."

"கடைசியா எது மடங்குச்சு?"

சென்னியப்பன் டாக்டரைப் பார்த்தார்.

"என்னைப் பார்க்காதீங்க. அதைக் கேளுங்க."

சென்னியப்பன் வேட்டி முனையைத் தகரத்தின் மேல் போட்டார். கண்ணை மூடினார். பள்ளத்திலிருந்து வெளியே, வெளியே தடவிக்கொண்டு போனார். ஒரு மேடு. இன்னொன்று. அதைவிட மெலிந்த இன்னொன்று. ஹெட்லைட் குழிக்குப் பக்கத்தில் கை நின்றது.

அங்கே ஒரு வரம்பு. நெல்மணி உயரம்கூட இல்லை.

"இதுங்களா?"

"அதுதான் இன்னும் மத்ததைப் பிடிச்சுட்டு நிக்குது. அதை விடாம நடுவு எப்படி மேல வரும்?"

"ஏனுங்க, இத்துனூண்டு இருக்குது. இதைத் தட்டி என்ன ஆகப்போகுது?"

"கடைசியா வந்தது முதல்ல போகணும். முதல்ல வந்தது கடைசியா."

"அப்ப நடுவு?"

"நடுவைத் தொடாதீங்க."

"தொடாம எப்படீங்க...?"

"அடுத்தது யாரு?"

வெளியே ராஜாத்தி மட்கார்டுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திரை எழுதிக் குடுத்தாங்களா?"

"நக்கல் உனக்கு."

"பத்தியம்?"

"இருக்குது. நடுவைத் தொடக் கூடாதாம்."

*

கொட்டகையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

இரும்புக் கட்டையை இடது கையால் அடியில் கொடுத்துப் பள்ளத்தை மேலே நெம்பிப் பிடித்தார். வலது கையில் சிறு சுத்தியல். ஓரத்து வரம்பின் மேல் தட்டினார்.

டிக்.

பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

டிக். டிக்.

தடவினார். வரம்பு இல்லை. மறைந்துவிட்டது. இவ்வளவு எளிதில் போகக்கூடியது இத்தனை வருஷம் ஏன் நின்றது என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

அதற்கு உள்ளே இருந்த மேட்டுக்கு வந்தார். அதுவும் போனது. அதற்கும் உள்ளே.

கை பரபரத்தது. ஓங்கி நடுவில் ஒன்று போட்டுப் பார்க்கலாமா என்று இருந்தது. சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். வேப்பமரத்தைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு வந்தார்.

டிக்.

டொம்!

தெய்வாத்தாள் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்னங்க உடைஞ்சுது?"

"ஒண்ணும் உடையலை."

பள்ளம் எழுந்துவிட்டிருந்தது. தானாக. சுத்தியல் அந்தப் பக்கமே போகவில்லை. தளர்ந்து போயிருந்த இடம் மட்டும் லேசாக உப்பி நின்றது. அதற்குச் சூடு காட்டி, ஈரத்துணி வைத்து இறுக்க வேண்டும். அது வேறு வேலை.

சென்னியப்பன் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்தால் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள்.

தெய்வாத்தாளும் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க."

"சொல்லு."

"எஞ்சினைக் குடுக்கப் போறாங்களாம். பாலக்காட்டுக்காரர் ஒருத்தர் வந்து பார்த்துட்டுப் போயிருக்கார். ஞாயித்துக்கிழமை வண்டியோட வந்து எடுத்துக்குவாராம்."

சென்னியப்பனின் சிரிப்பு நின்றது.

"யாரு சொன்னது?"

"அவ சொன்னா. தம்பி சம்சாரம்."

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறீங்களா?"

"இட்லிக்கு மாவு எப்படி அரைச்சேன்னு நினைச்சீங்க?"

*

ஆஸ்பத்திரியில் அவர் சீட்டு வாங்கவில்லை. நேரே உள்ளே போனார். நாற்காலியில் ஒரு பெண்மணி வாயைத் திறந்தபடி மல்லாந்திருந்தார். அவருக்கு மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தது. மரக்கட்டும் என்று டாக்டர் காத்திருந்தார்.

மட்கார்டைக் கண்டதும் கையை நீட்டினார். சென்னியப்பன் கொடுத்தார்.

டாக்டர் கண்ணை மூடினார். கோட்டு முனையைத் தகரத்தின் மேல் போட்டுத் தடவத் தொடங்கினார்.

சென்னியப்பன் பேசத் தொடங்கினார்.

"எஞ்சினை விக்கறானாமுங்க. எங்க அப்பா ஓட்டின எஞ்சின். பாலக்காட்டுக்குப் போகுதாம். நான் இங்க ராத்திரி பகலா தகரத்தைத் தேய்ச்சுட்டு இருக்கறேன். அது போயிட்டா இது எதுக்குங்க? கோழிக்கூடு வெக்கவா?"

டாக்டர் தடவிக்கொண்டிருந்தார்.

"இப்பவே போறேன். நேராப் போய்க் கேக்கறேன். அன்னைக்குக் கொட்டகையில 'விடுங்க'ன்னது யாரு? நான் இழுன்னேன். அவன் விடுங்கன்னான். அதை அவன் வாயால ஒத்துக்கிட்டுத்தான் எஞ்சின் தெருவைத் தாண்டணும். அன்னைக்கு நடந்ததுக்கு ஒரு முடிவு தெரியாம..."

டாக்டர் கண்ணைத் திறந்தார்.

இழுப்பறையிலிருந்து காந்தத்தை எடுத்தார். நடுவில் வைத்தார்.

ஒட்டியது.

சென்னியப்பன் பேச்சை நிறுத்தினார். இதைப் பார்க்கத்தான் வந்தோம் என்பதே அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

டாக்டர் காந்தத்தை எடுத்தார். பல் குத்திப் பார்க்கும் கொக்கி முனைக் கம்பியைக் கையில் எடுத்தார். மட்கார்டின் நட்டநடுவில் தட்டினார்.

டிங்.

"இப்பப் போய் இங்கதான் அடிக்கப் போறீங்க" என்றார்.

மட்கார்டைத் திருப்பிக் கொடுத்தார். நாற்காலிப் பக்கம் குனிந்தார்.

"மரத்துருச்சாங்க?"

வாய் திறந்திருந்த பெண்மணி சென்னியப்பனையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

*

ராஜாத்தி அன்று கதவை மட்டும் பிடித்துக்கொண்டாள். சென்னியப்பனின் முகம் அப்படி இருந்தது.

ஸ்கூட்டரில் உட்கார்ந்தார். கிளப்பவில்லை. மட்கார்டு மடியில் இருந்தது.

கண்ணை மூடினார். வேட்டி முனையைப் போட்டார். நடுவில் மிஞ்சியிருந்த லேசான உப்பலைத் தாண்டி வெளியே தடவினார். மட்டம். மட்டம். ஹெட்லைட் குழிவரைக்கும் வந்தார். அந்த நெல்மணி வரம்பு இருந்த இடத்தில் கை நின்றது.

வெகுநேரம் அங்கேயே இருந்தது.

ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, உடம்புக்கு முடியலீங்களா?"

"ஒண்ணுமில்லைப்பா. ஒரு டீ ஞாபகம் வந்துச்சு."

*

மறுநாள் காலை. பேக்கரி.

சென்னியப்பன் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் போகவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். டீ மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ரெண்டு டீ" என்றார் சென்னியப்பன். "ஒண்ணு சர்க்கரை இல்லாம."

மாஸ்டர் ஒன்றும் தெரியாதது போல ஆற்றினார். இரண்டு கிளாஸ் வந்து பெஞ்சில் உட்கார்ந்தன.

நாச்சிமுத்து வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் இடத்தில் அண்ணன். பக்கத்தில் ஆவி பறக்கும் ஒரு கிளாஸ்.

திரும்பிப் போகலாமா என்று ஒரு கால் யோசித்தது. வந்து உட்கார்ந்தார். நடுவில் இரண்டு கிளாஸ்.

"பேசறதுக்கு வந்தீங்களாண்ணா?"

"டீ குடிக்க வந்தேன்."

நாச்சிமுத்து தெருவைப் பார்த்தார். ஒரு பஸ் போனது.

"ஞாயித்துக்கிழமை ஆள் வர்றாருங்க. எஞ்சினுக்கு."

"கேள்விப்பட்டேன்."

நாச்சிமுத்து காத்திருந்தார். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். தொண்டைச் செருமல் வரும். அன்னைக்குக் கொட்டகையில என்று வரும்.

வரவில்லை.

"ஒண்ணும் கேக்கலீங்களா?"

"உன்ற எஞ்சின். உன்ற இஷ்டம். டீ ஆறுது."

சென்னியப்பன் தன் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. அடக்கிக்கொண்டார்.

நாச்சிமுத்து அந்தக் கிளாஸைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார்.

"சர்க்கரை இல்லாமயாங்க?"

"ஆமா."

"நல்லாருக்குதுங்களா?"

"நல்லால்லை."

நாச்சிமுத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். மூக்கு வழியாக வந்தது. மாஸ்டர் அவசரமாகத் திரும்பிக்கொண்டு காலிப் பால் சட்டியைக் கரண்டியால் கலக்கினார்.

கிளாஸை எடுக்க நாச்சிமுத்து கை நீட்டினார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. எஞ்சின் எண்ணெய். பழசல்ல.

சென்னியப்பன் அதைப் பார்த்தார்.

"என்ன இது?"

"மாசத்துக்கு ஒருக்கா எண்ணெய் விட்டுக் கையால சுத்தி விடுவேனுங்க. இல்லாட்டிப் பிடிச்சுக்கும்."

"விக்கப் போற எஞ்சினுக்கா?"

நாச்சிமுத்து கிளாஸை எடுத்தார். டீயைக் குடித்தார். பாதி குடித்துவிட்டு நிறுத்தினார். கிளாஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சங்கிலி என்கிட்டத்தான் இருக்குது. கப்பி?"

"விட்டத்துலயே தொங்குது. துருப் பிடிச்சிருக்கும்."

நாச்சிமுத்து மிச்ச டீயையும் குடித்தார். கிளாஸை அண்ணனின் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எண்ணெய் நான் கொண்டு வர்றேன்."